பிறந்த குழந்தைக்கு பிலிருபின் 13: லைட் வேண்டாம் என்கிறார்கள், சரியா?

தளிர்:
வணக்கம். முதல் குழந்தை, பெண். 38 வாரம் முடிந்து சுகப்பிரசவம். மூன்றாவது நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்ததில், உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் 13.2. டாக்டர் குழந்தையை முழுக்கப் பார்த்துவிட்டு, "மஞ்சளை இறக்க நீல லைட்டில் வைக்கத் தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு மறுபடி ரத்தம் பார்த்துக்கலாம்" என்றார்.

எனக்குப் புரியாதது இதுதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தைக்கு 11 தான். அதை லைட்டில் வைத்திருக்கிறார்கள். 11-க்கு சிகிச்சை, 13-க்கு வீடு. லேப் சீட்டில் எங்கள் எண்ணுக்குப் பக்கத்திலேயே "1.2 வரை" என்று அச்சாகியிருக்கிறது. அப்படியென்றால் பதினோரு மடங்கு அதிகம் இல்லையா? முகமும் நெஞ்சும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. பால் குடிக்கிறாள், ஆனால் நிறையத் தூங்குகிறாள். டிஸ்சார்ஜ் அவசரத்தில் விளக்கமாகக் கேட்க முடியவில்லை. யாராவது இந்தக் கணக்கைச் சொல்லுங்களேன்.

பேரன்களின் பாட்டி:
பயப்படாதே கண்ணு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம். காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டு, போய்விடும். என் பேரன்கள் இரண்டு பேருக்கும் வந்தது, தானாகப் போனது.

மழலைமருத்துவர்:
தளிர், நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்ப்பவன். குழந்தையைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கணக்கை விளக்கலாம்.

பிலிருபின் எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை வாரத்தில் பிறந்தது, கூடவே வேறு ஆபத்து ஏதாவது இருக்கிறதா, இந்த மூன்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நாள் கணக்குகூடப் போதாது, மணிக் கணக்கு வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியில், 38 வாரமும் அதற்கு மேலும் ஆகிப் பிறந்த குழந்தைக்கு லைட் ஆரம்பிக்க வேண்டிய எல்லை 24-வது மணியில் ஏறத்தாழ 11.7. 48-வது மணியில் 14.6. 72-ல் 17.5. 96 மணிக்குப் பிறகு 20.5. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒவ்வொரு கர்ப்ப வாரத்துக்கும் தனித்தனிக் கோடு இருக்கிறது. எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். நீங்கள் பிரசவித்த இடத்தில் எதைப் பின்பற்றுகிறார்களோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மூன்றாவது நாளில் 13.2 என்பது எல்லைக்குக் கீழே இருக்கிறது. பக்கத்துக் குழந்தை பிறந்து ஒரு நாள்கூட ஆகாமல் இருந்திருக்கலாம், குறைமாதமாக இருந்திருக்கலாம், ரத்த வகை ஒத்துவராமல் இருந்திருக்கலாம். 20 மணி நேரக் குழந்தைக்கு 11 என்றால் நானும் உடனே லைட்டில் வைப்பேன்.

ஏன் மணிக் கணக்கு இவ்வளவு முக்கியம்? இது எல்லாக் குழந்தைக்கும் முதல் சில நாள் ஏறிக்கொண்டே போகும் ஒரு பொருள். வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம் தேவை. பிறந்து சுவாசிக்க ஆரம்பித்ததும் அவ்வளவு தேவையில்லை. போதாததற்கு, வளர்ந்தவர்களின் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், பிறந்த குழந்தையின் சிவப்பணுவுக்கு ஆயுள் 70 முதல் 90 நாள்தான். அது உடையும்போது உள்ளே இருக்கும் ஹீம் முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகவும் அப்புறம் மஞ்சள் நிற பிலிருபினாகவும் மாறுகிறது. கல்லீரல் இதைத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றினால்தான் பித்தத்தோடு குடலுக்குப் போகும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்குப் பிறந்த அன்று வளர்ந்தவர்களின் கல்லீரலில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு வேகம்தான். அதுவரை நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் கல்லீரல் பார்த்துக்கொண்ட வேலை அது. தொப்புள்கொடியை வெட்டிய நிமிடம் முதல் குழந்தையே பார்த்தாக வேண்டும்.

அதனால் நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு மஞ்சள் வருகிறது. நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். குறைமாதக் குழந்தைக்கு உச்சம் கொஞ்சம் தள்ளி வரும், இறங்க மூன்று வாரம் வரை ஆகலாம்.

இதில் விதிவிலக்கே இல்லாத ஒன்று உண்டு. பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சகஜம் அல்ல. காரணம் தெரியும்வரை அதை நோயாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சிவப்பணுக்கள் வேகமாக உடைகின்றன என்று பொருள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆய்வகத்தோழன்:
டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சீட்டில் அச்சாகியிருக்கும் "1.2 வரை" என்பது வளர்ந்தவர்களுக்கான அளவு. பல ஆய்வகங்களில் மென்பொருள் எல்லா வயதுக்கும் அதையே அச்சடித்துவிடுகிறது. எண் தடித்த எழுத்திலும் வந்துவிடும். அதைப் பார்த்துப் பெற்றோர் அழுதுகொண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். குழந்தை சீட்டில் அந்த வரி இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம், அலகு. சில இடங்களில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், சில இடங்களில் லிட்டருக்கு மைக்ரோமோல். ஒரு மில்லிகிராம் என்பது 17.1 மைக்ரோமோல். உங்கள் 13.2-ஐ வேறொரு சீட்டில் 226 என்று பார்த்தால் திடுக்கிட வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

தோலில் வைத்துப் பார்க்கும் கருவி இருக்கிறதே, நெற்றியிலோ நெஞ்சிலோ அழுத்தினால் எண் காட்டும், அது நல்ல வடிகட்டி. எண் எல்லைக்கு அருகில் வந்தால் ரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். 2022 வழிகாட்டியில் சிகிச்சை எல்லைக்கு 3 மில்லிகிராமுக்குள் வந்தாலே ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்த மாதிரியை வெளிச்சத்தில் அப்படியே விட்டால் பிலிருபின் குறைந்துவிடும், அதனால் நாங்கள் குழாயை மூடி மறைத்துத்தான் எடுத்துப் போவோம்.

தளிர்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் மூச்சு வருகிறது. ஆனால் நாளைவரை நான் வீட்டில் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? மஞ்சள் முகத்திலிருந்து காலுக்கு இறங்கினால் ஆபத்து என்று படித்தேன். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழலைமருத்துவர்:
மஞ்சள் தலையில் ஆரம்பித்துக் காலை நோக்கி இறங்கும் என்பது உண்மைதான். கிராமர் என்பவர் 1969-ல் உடலை மண்டலங்களாகப் பிரித்து அதை எழுதிவைத்தார். ஆனால் அனுபவமுள்ள டாக்டர்களும் செவிலியர்களும்கூடக் கண்ணால் பார்த்து அளவைச் சொல்வதில் தவறுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. கறுத்த அல்லது மாநிறத் தோலில் இன்னும் கடினம். இரவு விளக்கில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறுகளையும் பாருங்கள், மூக்கு நுனியையோ நெஞ்சையோ விரலால் அழுத்தி எடுத்து அடியில் தெரியும் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் இருக்கிறதா என்று அதில் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. எவ்வளவு என்பதற்கு எண் மட்டுமே. காலும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தெரிந்தால் காத்திருக்காமல் அளவு பாருங்கள், அதே சமயம் கால் வெளுப்பாக இருக்கிறதே என்று நாளைய பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது குழந்தையின் நடத்தையை. பாலுக்கு எழுகிறாளா, மார்பைப் பிடித்து வலுவாக உறிஞ்சுகிறாளா, ஈரத்துணி எத்தனை, மலம் கறுப்பிலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறுகிறதா. எழுப்பினாலும் எழாத தூக்கம், பால் குடிக்க மறுப்பது, கை கால் துவண்டு கிடப்பது, காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அழுகை, முதுகையும் கழுத்தையும் பின்னால் வில்லாக வளைப்பது: இதில் எது ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகை வளைக்கும்வரை காத்திருப்பது மிகவும் தாமதம். அதற்கு முந்தைய கட்டம் சோம்பலும் பாலை மறுப்பதும்தான், அங்கேயே பிடித்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அளவு மிக அதிகமாகும்போது பிலிருபின் மூளைக்குள் போய்விடும். சாதாரணமாக அது ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மூளைக்குள் நுழைய முடியாது. ஆல்புமினில் இடம் தீர்ந்துவிட்டாலோ, குழந்தை குறைமாதமாகவோ கிருமித்தொற்றோடோ இருந்தாலோ, ஒட்டாமல் மிஞ்சும் பிலிருபின் மூளையின் அடிக்கருக்களிலும் காது நரம்புப் பாதையிலும் போய்ப் படிகிறது. கெர்னிக்டெரஸ் என்று பெயர். கட்டுப்பாடில்லாத உடல் அசைவுகளோடு கூடிய மூளை வாதம், காது கேளாமை, கண்ணை மேலே உயர்த்த முடியாமை என்று வாழ்நாள் முழுக்க நிற்கும். வந்தபின் திருப்ப முடியாது, வராமல் தடுக்க முடியும். லைட் இருக்கும் இடத்தில், சரியான நேரத்தில் அளவு பார்த்தால், அநேகமாக எல்லாவற்றையும் தடுத்துவிடலாம். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒன்றில் ஒரு குழந்தையைக்கூட இழக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பால்துணை:
தளிர், நான் தாய்ப்பால் ஆலோசகர். "நிறையத் தூங்குகிறாள்" என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது.

முதல் வாரத்து மஞ்சள் பல குழந்தைகளுக்கு ஏறிப்போவதற்குக் காரணம் பால் போதாமை. கல்லீரல் கஷ்டப்பட்டு மாற்றிக் குடலுக்கு அனுப்பிய பிலிருபினைக் குடலில் இருக்கும் ஒரு நொதி மறுபடி பழைய வடிவத்துக்கு மாற்றிவிடும். மலம் சீக்கிரம் வெளியே போகாவிட்டால் அது திரும்ப ரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். முதல் கறுப்பு மலத்தில் பிலிருபின் நிறைய இருக்கிறது. அது வெளியே போக வேண்டுமானால் பால் உள்ளே போக வேண்டும். மஞ்சள் இருக்கும் குழந்தை சோம்பிப் படுக்கும், சோம்பினால் பால் குறையும், பால் குறைந்தால் மஞ்சள் ஏறும். இந்தச் சுற்றை நாம்தான் உடைக்க வேண்டும்.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால். தானாக எழவில்லை என்றால் எழுப்புங்கள். துணியைக் கழற்றுங்கள், உள்ளங்காலைத் தேயுங்கள், தோலோடு தோலாக நெஞ்சில் போடுங்கள். வாயில் மார்பை வைத்துக்கொண்டே தூங்கினால் அது குடித்த கணக்கில் வராது. விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். நான்காம் ஐந்தாம் நாளுக்குள் ஒரு நாளைக்கு ஆறு ஈரத்துணியாவது இருக்க வேண்டும். உறிஞ்ச வலுவில்லை என்றால் பீய்ச்சிக் கரண்டியில் கொடுங்கள். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை குறைந்துவிட்டால் உடனே யாராவது நேரில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வேண்டாம். குளுக்கோஸ் தண்ணீரும் வேண்டாம். வயிறு நிறைந்துவிடும், பால் குறையும், மஞ்சள் இறங்காது. நாட்டு மருந்தும் இலைச்சாறும் இந்த வயதுக்குக் கூடவே கூடாது.

பேரன்களின் பாட்டி:
எல்லாம் சரி. ஆனால் வெயிலைப் பற்றி யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லையே? எங்கள் காலத்தில் லைட் எங்கே இருந்தது? வெயில்தான் இருந்தது. எத்தனையோ குழந்தைகள் பிழைக்கவில்லையா? காசு செலவழித்து நீல விளக்கில் வைப்பதற்கு, கடவுள் கொடுத்த வெளிச்சத்தில் வைத்தால் என்ன?

வார்டுசெவிலி:
பாட்டியம்மா, நீங்கள் சொல்வதில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. அந்த நீல விளக்கு பிறந்ததே வெயிலிலிருந்துதான்.

1956-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸில் ரோச்ஃபோர்டு பொது மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஜீன் வார்டுக்குக் குழந்தைகளை முற்றத்தில் இளவெயிலில் வைப்பதில் நம்பிக்கை அதிகம். ஒரு நாள் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். உடம்பு முழுக்க மஞ்சள் வெளுத்திருந்தது, துணியின் மூலை மூடியிருந்த ஒரு முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அப்புறம் ஒரு ரத்த மாதிரி ஜன்னல் ஓரம் வெயிலில் கிடந்துவிட்டது. அதில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்து ரிச்சர்டு கிரெமரும் உடன் வேலை செய்தவர்களும் விளக்கு ஒன்றை அமைத்து, 1958-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் ஒளி சிகிச்சைக்குத் தொடக்கம் ஒரு செவிலியின் கண். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் பெரிய பெருமை.

அப்படியென்றால் ஏன் வெயில் வேண்டாம் என்கிறோம்? மஞ்சளை இறக்கும் அளவு வெளிச்சம் கிடைக்க வேண்டுமென்றால் குழந்தையைத் துணியில்லாமல் நீண்ட நேரம் வெயிலில் வைக்க வேண்டும். மெல்லிய தோல் புற ஊதாக் கதிரில் கன்றிவிடும், உடம்பு சூடேறிவிடும் அல்லது குளிர்ந்துவிடும், உடம்பில் நீர் குறையும். போர்த்திய குழந்தையைக் கொஞ்ச நேரம் காட்டினால் கெடுதல் இருக்காது, பயனும் இருக்காது. எவ்வளவு ஒளி கிடைத்தது என்று அளக்கவும் முடியாது. நைஜீரியாவில் லைட் வசதி குறைந்த இடங்களுக்காகப் புற ஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் படலத்தின் அடியில் குழந்தைகளை வைத்து, மருத்துவர் கண்காணிப்போடு செய்து பார்த்தார்கள், 2015-ல் முடிவு வந்தது, பலன் இருந்தது. ஆனால் அதற்குப் படலம், கண்காணிப்பு, வெப்பநிலை பார்ப்பது எல்லாம் வேண்டும். வீட்டு ஜன்னல் அதற்கு ஈடாகாது.

எனக்கு வெயிலில் இருக்கும் பெரிய பயம் வேறு. "வெயில் காட்டுகிறோமே" என்ற நிம்மதியில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடும் அந்த நாட்களில்தான் அளவு உச்சத்துக்குப் போகிறது. தானாகச் சரியாகும் குழந்தைகள் வெயில் இல்லாமலும் சரியாகியிருப்பார்கள். தானாகச் சரியாகாத குழந்தைதான் நம் கவலை.

பேரன்களின் பாட்டி:
அந்தச் செவிலி கதையை இன்றுதான் கேட்கிறேன். நன்றி அம்மா. அப்படியானால் ரத்தம் பார்த்து அளவு தெரிந்துகொள்வதை முதலில் செய்யட்டும். தளிர், நாளைக்குத் தவறாமல் போய் வா.

நிலவன்:
நடுவில் ஒரு கேள்வி. லைட்டில் வைத்தால் கண் போய்விடும், குழந்தை கறுத்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது எக்ஸ்ரே மாதிரிக் கதிரா?

வார்டுசெவிலி:
இல்லை. வெறும் நீல வெளிச்சம். 460-லிருந்து 490 நானோமீட்டர் வரை அலைநீளம், புற ஊதா கிடையாது. பிலிருபின் மூலக்கூறு இந்த ஒளியை உறிஞ்சி வடிவம் மாறுகிறது. மாறிய வடிவம் தண்ணீரில் கரையும், அதனால் கல்லீரலின் அந்த மெதுவான நொதிக்காகக் காத்திருக்காமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியே போய்விடும்.

கண்ணை மூடுவது பாதுகாப்புக்காக. மூடி நழுவி மூக்கை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயப்பர் மட்டும் போட்டு மற்ற இடமெல்லாம் ஒளி படும்படி விட வேண்டும். தொப்பி, கையுறை, போர்வை போட்டால் அந்த இடத்துக்குச் சிகிச்சை இல்லை. விளக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு பலன், ஆனால் தூரத்தை நீங்கள் மாற்ற வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள். பால் கொடுக்கத் தாராளமாக வெளியே எடுக்கலாம். அளவு மிக அதிகமாக இருக்கும் குழந்தைக்கு மட்டும் அந்த இடைவெளியைக் குறைக்கச் சொல்வோம். மலம் கொஞ்சம் இளகலாம், சின்னச் சின்னத் தடிப்பு வரலாம், நிறுத்தியதும் போய்விடும். கறுத்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

முக்கியமானது இது. லைட் ஆரம்பித்த பிறகு தோல் வெளுத்துவிடும், ரத்தத்தில் இன்னும் இருக்கும். அதனால் "மஞ்சள் போயிடுச்சே, நிறுத்துங்க" என்று சொல்லாதீர்கள். நிறுத்தியபின் சில குழந்தைகளுக்கு மறுபடி ஏறும், குறிப்பாகக் குறைமாதத்துக்கும் ரத்த வகைச் சிக்கல் இருப்பவர்களுக்கும். அதற்காகத்தான் மறுபடி ஒரு தடவை வரச் சொல்கிறோம்.

முகில்:
என் மனைவி ஓ பாசிட்டிவ், குழந்தை பி பாசிட்டிவ். பிறந்த மறுநாள் காலையிலேயே லைட். முதல் குழந்தைக்கு இந்தச் சிக்கல் வராது என்றுதானே சொல்வார்கள்?

மழலைமருத்துவர்:
அது ஆர்எச் சிக்கலுக்குச் சொல்வது. அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் முதல் பிரசவத்தில்தான் பெரும்பாலும் அம்மாவின் உடல், குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிரணுக்களை உருவாக்கப் பழகும், பாதிப்பு அடுத்த குழந்தைக்கு வரும். 1968-ல் ஆன்டி-டி ஊசி பயன்பாட்டுக்கு வந்தபின் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. நெகட்டிவ் ரத்த வகை உள்ள எந்தத் தாயும் அந்த ஊசியைத் தவறவிடக் கூடாது, கருச்சிதைவுக்குப் பிறகும்கூட.

உங்களுடையது ஓ வகைத் தாய்க்கு ஏ அல்லது பி வகைக் குழந்தை பிறக்கும்போது வருவது. இதற்கு எதிரணுக்கள் அம்மாவிடம் முன்பே இருக்கும், அதனால் முதல் குழந்தைக்கே வரலாம். பெரும்பாலும் லைட்டோடு முடிந்துவிடும். கூம்ஸ் பரிசோதனை என்று ஒன்று செய்திருப்பார்கள், அது சிவப்பணுக்கள்மேல் எதிரணு ஒட்டியிருக்கிறதா என்று காட்டும். எல்லை மீறி ஏறும் அரிதான குழந்தைகளுக்குத்தான் ரத்தத்தை மாற்றுவது.

ஆண் குழந்தை என்றால், சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அது இருந்தால் சிவப்பணு திடீரென்று உடையும், பிலிருபின் ஒரே நாளில் தாவும். துணிகளுக்கு நடுவே போடும் நாப்தலின் பாச்சை உருண்டை அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. எடுத்துவைத்த பழைய துணியைக் குழந்தைக்குப் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஆய்வகத்தோழன்:
மருந்துகளைப் பற்றியும் ஒரு வரி. ஆல்புமினில் பிலிருபின் உட்காரும் இடத்தைச் சில மருந்துகள் பிடித்துக்கொள்ளும். 1956-ல் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமித் தடுப்புக்காக சல்ஃபா மருந்து கொடுத்த பிரிவில் கெர்னிக்டெரஸ் அதிகமானதைக் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் இருக்கும் பிறந்த குழந்தைக்கு இன்றும் சல்ஃபாவும் செஃப்ட்ரியாக்சோனும் தவிர்க்கப்படுகின்றன. எனவே கடையில் கேட்டு எந்தச் சொட்டு மருந்தும் கொடுக்காதீர்கள்.

தளிர்:
போய் வந்தேன். 13.2-க்குச் சரியாக ஒரு நாள் கழித்து 14.8. ஏறியிருக்கிறது! ஆனால் டாக்டர் சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கு" என்றார். அவள் இப்போது நன்றாக எழுகிறாள், மலம் கடுகு நிறத்துக்கு வந்துவிட்டது.

மழலைமருத்துவர்:
எண் ஏறியிருக்கிறது, ஆனால் ஏறும் வேகத்தைப் பாருங்கள். ஒரு நாளில் 1.6 என்றால் மணிக்கு 0.07 கூட இல்லை. முதல் நாளுக்குப் பிறகு மணிக்கு 0.2 அல்லது அதற்கு மேல் ஏறினால் ரத்தம் உடைகிறதா என்று சந்தேகப்படுவோம், முதல் 24 மணி நேரத்தில் 0.3. உங்கள் குழந்தைக்கு எல்லைக்கோடு எண்ணைவிட வேகமாக மேலே போய்க்கொண்டிருக்கிறது. மலம் மாறியதும் நல்ல செய்தி. அவர் சொல்லும் தேதிக்கு இன்னொரு தடவை காட்டுங்கள், அவ்வளவுதான்.

கதிர்:
இழையை இன்று முழுக்கப் படித்தேன். என் மகனுக்கு ஐந்தாவது வாரம். இன்னும் கண் மஞ்சளாகவே இருக்கிறது. எடை நன்றாக ஏறுகிறது, தாய்ப்பால் மட்டும்தான். எல்லாரும் "தாய்ப்பால் மஞ்சள், மூன்று மாதம் வரைகூட இருக்கும், விடு" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பால்துணை:
தாய்ப்பால் மஞ்சள் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. முதல் வாரக் கடைசியில் ஆரம்பித்து இரண்டாவது வார வாக்கில் உச்சத்துக்கு வந்து, மெதுவாக 12 வாரம் வரை இழுக்கும். குழந்தை திடமாக இருக்கும், கெடுதல் இல்லை, பாலை நிறுத்தவே தேவையில்லை. ஆனால் கதிர், மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயரை வைக்க வேண்டும். மலம் என்ன நிறம்?

கதிர்:
வெளிர் மஞ்சள் என்று நினைக்கிறேன். கவனித்துப் பார்க்கவில்லை. சிறுநீர் துணியில் கறை பிடிக்கிறது.

மழலைமருத்துவர்:
கதிர், இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கே போங்கள். நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளைத் தாண்டியும், குறைமாதக் குழந்தைக்கு 21 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருந்தால் ஒரு பரிசோதனை கட்டாயம்: மொத்த பிலிருபினோடு நேரடி பிலிருபின். கல்லீரல் மாற்றிமுடித்தும் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்துக்குத் திரும்பிய பங்கு அது. 1-க்கு மேல் இருந்தால் கல்லீரலையும் பித்தநாளங்களையும் உடனே ஆராய வேண்டும்.

நான் பயப்படுவது பித்தநாள அடைப்புக்கு. அரிதான நோய். ஆனால் அந்தக் குழந்தைகள் முதல் வாரங்களில் கொழுகொழுவென்று, நன்றாகக் குடித்துக்கொண்டு, எந்தச் சந்தேகமும் தராமல் இருப்பார்கள். பித்தம் குடலுக்கு வராததால் மலம் சுண்ணாம்பு, களிமண், வெளிர் மணல் நிறத்துக்குப் போகும், சிறுநீர் அடர் மஞ்சளாகித் துணியில் கறை பிடிக்கும். பிறந்த குழந்தையின் சிறுநீர் துணியில் நிறமே தெரியாமல் இருக்க வேண்டும். இந்த அடைப்புக்கு ஜப்பானைச் சேர்ந்த மோரியோ கசாய் 1950-களில் ஒரு அறுவைச் சிகிச்சையைக் கொண்டுவந்தார், குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு நேராக இணைப்பது. குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் தள்ளத் தள்ளக் கல்லீரல் தழும்பேறிவிடும், அப்புறம் மாற்றுக் கல்லீரல்தான் வழி. தைவானில் 2004 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளின் பெற்றோருக்கும் மல நிற அட்டை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு இப்போது ஐந்தாவது வாரம். பார்க்க நேரம் இருக்கிறது, வீணாக்க நேரம் இல்லை.

போகும்போது அழுக்கான டயப்பரைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு பரிசோதனையும் சிறுநீர்த் தொற்றுப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அவையும் மஞ்சளை இழுத்துக்கொண்டு போகும்.

கதிர்:
பார்த்துவிட்டோம் டாக்டர். மொத்தம் 8.4, நேரடி 0.4. தைராய்டு சரி, சிறுநீரில் தொற்று இல்லை. மலத்தைக் காட்டினோம், மஞ்சள்தான், பித்தம் வருகிறது என்றார்கள். துணிக் கறை எப்போதாவது மலத்தோடு சேர்ந்து ஒட்டியதாக இருக்கும் என்றார்கள். இன்று நாள் முழுக்கத் தனியாகப் பார்த்தோம், சிறுநீர் நிறமில்லாமல்தான் இருக்கிறது. இப்போது இதைத் தாய்ப்பால் மஞ்சள் என்று சொல்லலாமா?

மழலைமருத்துவர்:
இந்த முடிவுகளோடு, எடையும் நன்றாக ஏறுகிறது என்றால், சொல்லலாம். நன்றாகச் செய்தீர்கள். பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். மலம் எப்போதாவது வெளுத்தால் முந்தைய முடிவு நன்றாக இருந்ததே என்று இருந்துவிடாமல் மறுபடி பாருங்கள்.

நிலவன்:
கடைசியாக ஒன்று. என் அக்கா மகளுக்கு அளவு 26 வரை போய் ரத்தம் மாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். இனி ஏதாவது பார்க்க வேண்டுமா?

மழலைமருத்துவர்:
காது. ரத்தம் மாற்றும் எல்லைக்குப் போன எல்லாக் குழந்தைக்கும் மூளைத்தண்டு வழியாகப் பார்க்கும் கேட்புப் பரிசோதனை செய்ய வேண்டும், ஏ.பி.ஆர். என்று கேளுங்கள். காதுக்குள் ஒலி வைத்துப் பார்க்கும் சாதாரண முதற்கட்டப் பரிசோதனை மட்டும் போதாது. உள்காது நன்றாக இருந்து நரம்பு மட்டும் பாதித்திருந்தால் அதில் தெரியாமல் போய்விடும். தலை நிற்பது, உட்காருவது, பார்வை தொடர்வது எல்லாவற்றையும் முதல் இரண்டு வருடம் குழந்தை மருத்துவரிடம் தவறாமல் காட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் உச்ச அளவும் அது எத்தனையாவது மணியில் வந்தது என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பிரசவத்தில் அதைத்தான் முதலில் கேட்போம்.